கேமராவுக்காகக் கட்டப்பட்ட கப்பல்கள்: தொலைக்காட்சி விண்கலங்களின் பின்னால் இருக்கும் கணக்கு

2024 ஏப்ரலில் ஒரு பழைய மரப்பொருள் உலகச் செய்தியானது. ஏறத்தாழ 33 அங்குல நீளம், பெயர்ந்த வண்ணம், சிதைந்த பாகங்கள். ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் எண்டர்பிரைஸ் விண்கலத்துக்காக 1964-இல் செய்யப்பட்ட முதல் மாடல் அது. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் மேசையில் நெடுங்காலம் இருந்தது. 1970-களின் இறுதியில் திரைப்பட வேலைக்காக இரவல் போய்த் திரும்பவே இல்லை. 2023-இல் இபே தளத்தில் ஆயிரம் டாலர் தொடக்க விலையில் யாரோ அதை விற்பனைக்கு வைத்தார்கள். அடையாளம் கண்டுகொண்ட ரசிகர்கள் கூச்சலிட்டதும் விளம்பரம் மறைந்தது. டாலஸ் நகரத்து ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம் அதைச் சரிபார்த்து ராடன்பெரியின் மகனிடம் ஒப்படைத்தது.

ஒரு பொம்மைக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அது பொம்மையாக இருந்திருந்தால் இந்தச் செய்தியே வந்திருக்காது. படப்பிடிப்புக்காகச் செய்யப்படும் விண்கல மாடல் எந்தக் கப்பலின் நகலும் அல்ல. கேமரா, லென்ஸ், ஃபிலிம், விளக்கு, கெடு தேதி ஆகியவற்றின் நெருக்கடிகளுக்கு ஒரு பட்டறை கண்டுபிடித்த விடைகள் அந்த ஒரு பொருளுக்குள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அந்த நெருக்கடிகள் புரிந்தால், சில மாடல்களுக்கு ஏன் ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருக்கிறது, சில பழைய தொடர்கள் இன்று கூர்மையாகத் தெரிய மற்றவை ஏன் மங்கிக் கிடக்கின்றன என்பதெல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

சிறியதைப் பெரியதாகக் காட்டுவதில் உள்ள மூன்று சிக்கல்கள்

கதையின்படி எண்டர்பிரைஸின் நீளம் 289 மீட்டர். படப்பிடிப்புக்கு முதன்மையாகப் பயன்பட்ட மாடலின் நீளம் பதினோரு அடிக்குச் சற்று அதிகம். அதாவது அளவு விகிதம் ஏறத்தாழ 1:85. இந்த விகிதத்தில் ஒரு மனிதனின் உயரம் இரண்டு சென்டிமீட்டர். பார்ப்பவர் இதை நம்ப வேண்டுமானால் மூன்று தடைகளைத் தாண்டியாக வேண்டும்.

1. குவிய ஆழம். லென்ஸ் எதையேனும் குவியப்படுத்தும்போது அதற்கு முன்னும் பின்னும் ஓரளவு தூரம் வரைதான் கூர்மையாகத் தெரியும். கேமரா பொருளை நெருங்க நெருங்க இந்த ஆழம் சுருங்கும். நிஜமான 289 மீட்டர் கப்பலை நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி நின்று படம் எடுத்தால் முனை முதல் வால் வரை எல்லாம் கூர்மையாக இருக்கும். ஆனால் மாடலின் மூக்குக்குச் சில அங்குலம் முன்னால் லென்ஸை வைத்தால் மூக்கு மட்டும் கூர்மையாகவும் மற்றதெல்லாம் குழம்பியும் தெரியும். அந்தக் குழப்பத்தைப் பார்த்தவுடன், ‘இது சின்னப் பொருள்’ என்று கண் தீர்ப்பு சொல்லிவிடும். இதற்கு ஒரே வழி லென்ஸின் துவாரத்தை மிகச் சிறியதாக்குவது. துவாரம் சுருங்கினால் ஒளி குறையும்; ஒளி குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் தேவைப்படும். இந்தச் சங்கிலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மோஷன் கண்ட்ரோல் என்ற இயந்திரம் பிறந்தது இதிலிருந்துதான்.

2. காலம். கீழே விழும் பொருள் எடுத்துக்கொள்ளும் நேரம், உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1:25 அளவில் செய்த கட்டடம் சரிந்தால், நிஜக் கட்டடம் சரிய ஆகும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கில் தரையைத் தொட்டுவிடும். ஆகவே கேமராவை ஐந்து மடங்கு வேகத்தில், நொடிக்கு 24-க்குப் பதிலாக 120 ஃபிரேமில் ஓட்டி, திரையில் இயல்பான வேகத்தில் காட்ட வேண்டும். 1965-இல் வந்த ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மலாட்டத் தொடரில் டெரெக் மெடிங்ஸின் குழு வெடிப்புகளுக்கு இந்த முறையைத்தான் கையாண்டது. விண்வெளியில் மிதக்கும் கப்பலுக்கு எடை தெரியத் தேவையில்லை என்பதால் பெரும்பாலான காட்சிகளில் இந்தக் கணக்கு வேண்டாம். வெடிப்பு, புகை, சிதறல் வந்தால் மட்டும் தப்ப முடியாது. நெருப்புச் சுடரையும் நீர்த்துளியையும் எந்த வேகத்தில் எடுத்தாலும் சிறியதாக்க முடியாது. அதனால்தான் மாடல் கலைஞர்கள் இவ்விரண்டையும் கண்டு அஞ்சுகிறார்கள்.

3. காற்று. பூமியில் தொலைவில் உள்ள மலை நீலம் பூத்து மங்கலாகத் தெரிகிறது. இடையில் உள்ள காற்றும் தூசியும்தான் காரணம், மூளை தூரத்தை அளக்கப் பயன்படுத்தும் அளவுகோலும் அதுவே. மாடல் நகரம் கட்டுகிறவர்கள் அறைக்குள் மெல்லிய புகையைப் பரப்பி அந்த மங்கலை வரவழைத்துவிடுவார்கள். விண்வெளியில் காற்று இல்லை, புகையும் போட முடியாது. ஒரே திசையிலிருந்து வரும் கடுமையான வெயில், எதிர்ப்பக்கம் கரிய நிழல், சுற்றிலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மரமோ மனிதனோ கிடையாது. கப்பல் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல அதன் மேற்பரப்பைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இந்த மூன்றாவது சிக்கல்தான் விண்கல மாடலை மற்ற எல்லா மாடல்களிலிருந்தும் பிரிக்கிறது. ஒரு வீட்டின் மாடலில் கதவைப் பார்த்ததும் அளவு தெரிந்துவிடும். யாரும் பார்த்திராத ஒரு கப்பலில், எது கதவு என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

மேற்பரப்பு செய்கிற வேலை

விடை, நுணுக்கம். ஆனால் எந்த வகை நுணுக்கம் என்பதில் இரண்டு பள்ளிகள் உண்டு.

முதல் பள்ளி மேற்பரப்பில் இயந்திரத் துண்டுகளை நிரப்பும். கடையில் விற்கும் டாங்கி, போர்க்கப்பல், விமான பிளாஸ்டிக் கிட்களை வாங்கி, அவற்றிலிருந்து பயனுள்ள பாகங்களைப் பிரித்து, கப்பலின் உடம்பெங்கும் ஒட்டுவார்கள். ஒரு டாங்கியின் சக்கர அச்சு இங்கே குளிர்விப்புக் குழாயாகிவிடும். ஒட்டி முடித்ததும் முழுவதும் ஒரே சாம்பல் வண்ணம் அடித்துவிட்டால், எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தொழிலில் இவற்றுக்கு கிரீபிள் என்று பெயர். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றுக்கு எந்த அர்த்தமும் இல்லை. சேர்த்துப் பார்த்தால் கண் ‘இவ்வளவு நுட்பமான பாகங்கள் இவ்வளவு சிறிதாகத் தெரிகின்றன என்றால் கப்பல் மிகப் பெரியது’ என்று கணக்குப் போடுகிறது. 1975-இல் வந்த ‘ஸ்பேஸ்: 1999’ தொடரின் ஈகிள் கலங்களும், 1978-இன் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ கப்பலும் இந்த வகை. கேலக்டிகாவின் மாடல் ஏறத்தாழ ஆறு அடி நீளம், அதன் உடலில் கிட் பாகங்கள் இல்லாத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கண்மூடித்தனமாக ஒட்டினால் இது வேலை செய்யாது. பாகங்கள் அடர்ந்த பகுதியும் வெறுமையான பகுதியும் மாறி மாறி வர வேண்டும், இல்லையென்றால் கண்ணுக்கு ஓய்விடம் கிடைக்காமல் மொத்தமும் சொரசொரப்பான காகிதம்போல ஆகிவிடும். நல்ல மாடல் கலைஞரின் திறமை எதை ஒட்டினார் என்பதைவிட எங்கே ஒட்டாமல் விட்டார் என்பதில் தெரியும்.

இரண்டாவது பள்ளி வழவழப்பான உடலை வைத்துக்கொண்டு வண்ணத்தால் அளவைச் சொல்லும். எண்டர்பிரைஸை வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸ், பழுது பார்க்க வேண்டியவற்றை எந்தப் பொறியாளனும் கப்பலுக்கு வெளியே வைக்கமாட்டான், உள்ளேதான் வைப்பான் என்று கருதினார். அதனால் 1960-களின் எண்டர்பிரைஸ் வெளித்தோற்றத்தில் மிக எளிமையானது. 1987-இல் தொடங்கிய அடுத்த ‘ஸ்டார் டிரெக்’ தொடரான ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’-இன் எண்டர்பிரைஸ்-டி-யில் வழவழப்பு தொடர்ந்தது, ஆனால் உடல் முழுவதையும் சிறு தகடுகளாகப் பிரித்து, மிக நெருங்கிய இரண்டு சாயல்களில் மாற்றி மாற்றி வண்ணம் பூசினார்கள். தூரத்தில் ஒரே நிறமாகத் தெரியும். வெளிச்சம் சாய்வாகப் படும்போது தகடுகள் மின்னும்.

இந்தக் கப்பலின் கதைப்படியான நீளம் 642 மீட்டர். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற காட்சி விளைவு நிறுவனத்துக்காக கிரெக் ஜீனின் மேற்பார்வையில் செய்யப்பட்ட பெரிய மாடல் 78 அங்குலம். விகிதம் சுமார் 1:324, ஒரு மனிதன் ஐந்து மில்லிமீட்டர். ஜன்னல்கள் எவ்வளவு சிறியவை என்று கற்பனை செய்துகொள்ளலாம், அவை ஒவ்வொன்றும் உள்ளிருந்து ஒளிர வேண்டும். எனவே உடலின் உட்புறம் ஒளி கசியாதபடி கறுப்பு பூசி, ஜன்னல் இடங்களை மட்டும் விட்டுவிட வேண்டும். உள்ளே விளக்குகள், அவற்றின் சூட்டை வெளியேற்ற வழி, மின்கம்பிகள், எடையைத் தாங்க உலோக எலும்புக்கூடு. வெளியே தெரியும் அழகில் பாதியளவு உழைப்பு, யாரும் பார்க்காத உட்புறத்தில் இருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் முடிக்கப்பட்ட கப்பல்

இப்போது அந்தப் பதினோரு அடி எண்டர்பிரைஸுக்கு வரலாம். ரிச்சர்ட் டேட்டினின் பொறுப்பில் கலிஃபோர்னியாவின் பர்பேங்க் பட்டறை ஒன்றில் மரம், பிளாஸ்டிக், உலோகத் தகடு ஆகியவற்றால் கட்டி 1964 டிசம்பர் இறுதியில் ஒப்படைக்கப்பட்டது. முதல் முன்னோட்டப் படத்தின்போது அதில் விளக்குகள் இல்லை. பின்னர் விளக்குகள் பொருத்தப்பட்டபோது கம்பிகள் எங்காவது வெளியே வந்தாக வேண்டுமே. இடப்பக்கத்தில் துளையிட்டு வெளியே எடுத்தார்கள். அதோடு இடப்பக்கம் கைவிடப்பட்டது. ஜன்னல்கள், எழுத்துகள் எல்லாம் வலப்பக்கத்துக்கே.

கப்பல் எதிர்த்திசையில் பறக்க வேண்டுமென்றால்? எழுத்துகளையும் எண்களையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதி ஒட்டி, அதே வலப்பக்கத்தைப் படமெடுத்து, பிறகு ஃபிலிமைத் திருப்பிப் போட்டால் எழுத்துகள் நேராகத் தெரியும், கப்பல் மறுபக்கம் போகும். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. கேமரா பார்க்காத பக்கத்துக்குச் செலவழிக்கும் பணம் வாரந்தோறும் ஒளிபரப்பாகும் தொடருக்கு வீண் என்பதுதான் அன்றைய கணக்கு, அது சரியான கணக்கும்கூட.

மாடலின் எடை ஏறத்தாழ தொண்ணூறு கிலோ. அதை ஆட்டி அசைத்துப் பறக்கவிட முடியாது. கப்பல் ஒரு தாங்கியின் மேல் நிற்கும். கேமராதான் தண்டவாளத்தில் நகரும். பின்னால் இருப்பது, பிறகு நட்சத்திரங்களால் மாற்றப்படும் நீலத் திரை என்பதால் எது நகர்ந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. விண்கலக் காட்சிகளில் பெரும்பாலும் பறப்பது கேமரா. மாடலைத் தாங்கும் கம்பி கேமராவுக்கு எப்போதும் எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால், பிற்கால மாடல்களில் மேலே, கீழே, பின்னே, பக்கவாட்டில் எனப் பல பொருத்துமிடங்கள் வைத்து, பயன்படாதவற்றைச் சிறு மூடியால் மறைத்தார்கள்.

ஒரே ஓட்டத்தை நான்கு முறை ஓடுவது

இனி அந்தச் சங்கிலி. துவாரம் சிறியது, எனவே ஒரு ஃபிரேமுக்குப் பல நொடிகள் ஒளி வேண்டும். ஐந்து நொடிக் காட்சியில் 120 ஃபிரேம்கள். ஒரு ஃபிரேமுக்கு நான்கு நொடி என்று வைத்துக்கொண்டால் கேமரா எட்டு நிமிடம் நத்தை வேகத்தில் ஊர்ந்தாக வேண்டும், சிறு நடுக்கமும் இல்லாமல். மனிதக் கையால் ஆகாத வேலை.

ஆகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கப்பலின் மேல் படும் ‘வெயில்’ மிகப் பிரகாசமானது. ஜன்னல் விளக்குகள் மிக மங்கலானவை. இரண்டையும் ஒரே நேரத்தில் சரியாகப் பதிவு செய்ய முடியாது. தீர்வு, ஒரே கேமரா ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடி, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் பதிவு செய்வது:

1. முதல் ஓட்டத்தில் முதன்மை விளக்கு மட்டும். கப்பலின் உடல் பதிவாகும்.
2. இரண்டாவதில் வெளிவிளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சம் மட்டும், நீண்ட எக்ஸ்போஷரில்.
3. மூன்றாவதில் எஞ்சின் ஒளி. லென்ஸுக்கு முன்னால் மெல்லிய மங்கல் ஃபில்டர் வைத்தால் ஒளி பரவித் தகதகக்கும்.
4. நான்காவதில் கப்பலின் வெளிவடிவம் மட்டும் தனியே பிரியும் வகையில் பின்திரையை ஒளிரவிட்டு எடுப்பது. மேட் எனப்படும் இந்தப் பதிவுதான், கப்பல் இருக்கும் இடத்தில் நட்சத்திரங்கள் ஊடுருவித் தெரியாமல் தடுக்கிறது.

நான்கு ஓட்டங்களும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஜன்னல்கள் கப்பலை விட்டு வெளியே மிதக்கும். கேமராவின் ஒவ்வொரு அசைவையும் பதிந்து வைத்து, மோட்டார்கள் மூலம் அச்சு அசலாக மறுபடி ஓட்டும் ஏற்பாட்டுக்குப் பெயர்தான் மோஷன் கண்ட்ரோல். 1977-இன் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்துக்காக ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு உருவாக்கிய டைக்ஸ்ட்ராஃபிளெக்ஸ் கேமராவுக்குப் பிறகு இது தொழிலின் அடிப்படையானது. அடுத்த ஆண்டே டைக்ஸ்ட்ரா ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வுக்காக அதே முறையைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் கேமரா நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் வேகமாகப் போகும் கப்பலின் உருவம் அசைவின் திசையில் லேசாக இழுபடும், நிஜமாக ஓடும் பொருளைப் படமெடுத்தால் எப்படி இழுபடுமோ அப்படியே. நிறுத்தி நிறுத்தி எடுக்கும் பழைய பொம்மை அனிமேஷனில் இந்த இழுவை இல்லாததால்தான் அதில் உருவங்கள் துடிதுடித்துத் தெரிகின்றன.

இவ்வளவு இயந்திரம் இல்லாமலும் நல்ல வேலை நடந்தது. ‘ஸ்பேஸ்: 1999’-இல் பிரையன் ஜான்சன் கறுப்பு வெல்வெட் துணிக்கு முன்னால் ஈகிள் மாடலை எடுத்து, அதே ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அதன் மீதே நட்சத்திரங்களையும் நிலாப்பரப்பையும் பதிவு செய்தார். தனித்தனியாக எடுத்து, ஃபிலிம்களை ஒரே ஃபிலிமில் நகலெடுக்கும் ஆப்டிகல் பிரிண்டரில் சேர்த்தால் ஒவ்வொரு நகலிலும் துகள் கூடி, கூர்மை குறையும்; இவர் முறையில் எல்லாமே மூல நெகட்டிவில் இருந்தது. ஒரு ஓட்டத்தில் தவறு நேர்ந்தால் அதற்கு முன் எடுத்த அனைத்தும் குப்பை என்ற அபாயத்தோடு. அந்தத் தொடரின் விண்கலக் காட்சிகள் இன்றும் தெளிவாக இருப்பதற்கு இந்தத் துணிச்சல் காரணம்.

வாரம் ஒன்று என்ற கெடு

திரைப்படத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கும். தொலைக்காட்சித் தொடருக்கு ஒரு பருவத்தில் இருபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். ‘ஸ்டார் டிரெக்’கில் ஆட்களைக் கிரகத்துக்கு நொடியில் அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் என்ற கருவியே, வாரந்தோறும் கப்பல் தரையிறங்கும் காட்சி எடுக்கப் பணம் இல்லாததால் கதைக்குள் நுழைந்தது. அறிவியல் புனைவின் மிகப் புகழ்பெற்ற கற்பனைகளில் ஒன்று பட்ஜெட் பற்றாக்குறையின் பிள்ளை!

இந்த நெருக்கடியில் இரண்டு பழக்கங்கள் வேரூன்றின. ஒன்று, மறுபயன்பாடு. எடுத்த காட்சிகளைச் சேமித்து வைத்து, கப்பல் கிரகத்தைச் சுற்றுவது, இடமிருந்து வலம் கடப்பது போன்றவற்றை அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்பக் காட்டுவது. கேலக்டிகாவில் ஒரே சண்டைத் துண்டுகள் எத்தனை முறை வந்தன என்று ரசிகர்கள் கேலி செய்யும் அளவுக்கு இது போனது.

இரண்டாவது, கடைச்சரக்கு. 1966-இல் ஏஎம்டி நிறுவனம் எண்டர்பிரைஸின் பிளாஸ்டிக் கிட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஓர் அத்தியாயத்துக்குச் சிதைந்த சகோதரக் கப்பல் ஒன்று தேவைப்பட்டபோது, அந்தக் கிட்டையே வாங்கி ஒட்டிச் சுட்டுப் பொசுக்கிப் படமெடுத்தார்கள். கிட்டோடு வந்த 1701 என்ற எண்ணை இடம் மாற்றி ஒட்டியதால் அந்தக் கப்பலின் எண் 1017 ஆனது. கப்பல்களின் எண் வரிசைக்கு ரசிகர்கள் பிற்பாடு எழுதிய நீண்ட தத்துவ விளக்கங்களுக்கெல்லாம் மூலம் இந்த ஒட்டும் தாள்தான்.

1990-இல் ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’-இல் அழிந்த கப்பல்களின் மயானம் ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது. அங்கும் கிட் பாகங்களைக் கலந்து புதுப் புதுக் கப்பல்களைச் செய்தார்கள். ஒன்றின் முதுகில் இருக்கும் நீண்ட உறுப்புகள் உண்மையில் எழுத்துகளை நிறமிட்டுக் காட்டும் ஹைலைட்டர் பேனாக்கள். திரையில் சில நொடிகள், புகைக்கும் சிதைவுகளுக்கும் நடுவே. அவற்றுக்கு அது போதும்.

கணினி ஏன் வென்றது

1993-இல் ‘பாபிலோன் 5’ தொடரின் முன்னோட்டப் படம் ஒளிபரப்பானபோது அதில் விண்கல மாடல்களே இல்லை. ஃபவுண்டேஷன் இமேஜிங் நிறுவனம் அமிகா கணினிகளில், லைட்வேவ் மென்பொருளில் எல்லாவற்றையும் உருவாக்கியது. அந்த முன்னோட்டத்துக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் கிடைத்தது. அதை வழிநடத்திய ரான் தோர்ன்டன், பிரிட்டிஷ் தொடர்களுக்கு மாடல் செய்து வளர்ந்தவர் என்பது கவனிக்க வேண்டியது. கப்பலின் அளவை எப்படி உணர்த்துவது என்ற பாடத்தைக் கையால் கற்றவர் கணினிக்குப் போனதால்தான் அந்த எளிய படிமங்களிலும் பெருங்கப்பலின் தோரணை வந்தது.

ஆரம்பத்தில் தரத்தால் கணினி வெல்லவில்லை. அன்றைய கணினிக் கப்பல்கள் பிளாஸ்டிக் பளபளப்போடு தெரிந்தன. அது வென்ற இடம் எண்ணிக்கை. மாடலில் ஒரு கப்பலுக்கு நான்கு ஓட்டம் என்றால் இருபது கப்பலுக்கு எண்பது ஓட்டம், பிறகு அத்தனையையும் சேர்க்கும் வேலை. கணினியில் ஒரு கப்பலைச் செய்துவிட்டால் நூறாகப் பெருக்க முடியும். ‘ஸ்டார் டிரெக்’ வரிசையின் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடர் தன் பெரிய விண்கலப் படைப் போர்களுக்கு 1997-இல் கணினியை நாடியதும் இதனால்தான். அதே வரிசையில் 1995-இல் மாடலோடு தொடங்கிய ‘வாயேஜர்’ விரைவில் கணினிப் பிம்பத்துக்கு நகர்ந்தது; 2001-இல் வந்த அடுத்த ‘ஸ்டார் டிரெக்’ தொடர் முழுவதும் கணினி.

எதிர்பாராத விளைவு: எந்தத் தொடரை மறுபடி கூர்மையாக்க முடியும்?

ஒளிபரப்பாகி இருபது முதல் நாற்பது ஆண்டுகள் கழித்து உயர்தெளிவுத் தொலைக்காட்சிகள் வந்தபோது கணக்கு தலைகீழானது. மூன்று வழக்குகளைப் பார்த்தால் புரியும்.

முதலாவது, 1960-களின் ‘ஸ்டார் டிரெக்’. நடிகர்கள் வரும் காட்சிகள் ஃபிலிமில் நன்றாகவே இருந்தன. ஆனால் ஆப்டிகல் நகலெடுப்பில் கப்பல் காட்சிகள் துகள் நிறைந்து போயிருந்தன. 2006 முதல் வெளியான மெருகேற்றிய பதிப்பில் அவற்றைக் கணினிப் பிம்பங்களால் மாற்றினார்கள். புளூ-ரே வட்டில் பழைய காட்சிகளையும் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடுத்தது நல்ல முடிவு. பழையதை ஒரேயடியாக நீக்கியிருந்தால், அந்தக் காலத்துக் கலைஞர்களின் வேலைக்குச் செய்த அநீதியாகியிருக்கும்.

இரண்டாவது, ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’. இது படமானது 35 மில்லிமீட்டர் ஃபிலிமில். தொகுக்கப்பட்டதும் சேர்க்கப்பட்டதும் வீடியோ டேப்பில். ஒளிபரப்பான வடிவம் பழைய தொலைக்காட்சித் தெளிவுக்கு மேல் போக முடியாது. ஆனால் மூல ஃபிலிம் சுருள்கள் பாதுகாப்பாக இருந்தன, மேலே சொன்ன தனித்தனி ஓட்டங்கள் உட்பட. 2012 முதல் வந்த புளூ-ரே பதிப்புக்காக அவற்றைத் தேடி எடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து, ஜன்னல் ஓட்டத்தையும் எஞ்சின் ஓட்டத்தையும் இன்றைய கருவிகளில் புதிதாகச் சேர்த்தார்கள். 1987-இல் எந்தத் தொலைக்காட்சியிலும் தெரிந்திருக்க முடியாத தகடுகளும் ஜன்னல்களும் அப்போது முதன்முறையாக வீடுகளில் தெரிந்தன. மாடல் கலைஞர்கள் தேவைக்கு மேல் உழைத்தார்கள் என்று அன்று தோன்றிய நுணுக்கம் கால் நூற்றாண்டு கழித்துத் தன் பார்வையாளரைக் கண்டது.

மூன்றாவது, ‘பாபிலோன் 5’. கணினிப் பிம்பங்கள் அன்றைய தொலைக்காட்சித் தெளிவிலேயே உருவாக்கப்பட்டவை. ஃபிலிமுக்குப் பின்னால் போவதுபோல அவற்றின் பின்னால் போக எதுவும் இல்லை. மூலக் கோப்புகளிலிருந்து புதிதாக உருவாக்கலாம் என்றால், ஸ்டூடியோ அவற்றை முறையாகக் காத்து வைக்கவில்லை. 2021-இல் வெளியான மெருகேற்றிய பதிப்பில் நடிகர்கள் கூர்மையாகவும் விண்கலங்கள் மென்மையாகவும் தெரிவது இதனால். மாடலும் கணினியும் கலந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’, ‘வாயேஜர்’ இரண்டுக்கும் முழுமையான உயர்தெளிவுப் பதிப்பு வராததற்குச் செலவு பெரிய காரணம். அந்தச் செலவைக் கூட்டுவது கணினிக் காட்சிகளைப் புதிதாகச் செய்ய வேண்டியிருப்பது.

இதை வைத்து மாடல்தான் மேல் என்று முடிவு கட்டுவது அவசரம். மேலானது ஃபிலிம் என்ற சேமிப்பு ஊடகம். மாடலை நேரடியாக வீடியோவில் படமெடுத்த பிரிட்டிஷ் தொடர்கள் பலவற்றின் காட்சிகளும் அதே மங்கலில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

பொருள் என்ற முறையில் மதிப்பு

படப்பிடிப்பு முடிந்த மாடலுக்கு அன்று பெரிய மரியாதை கிடையாது. 1974-இல் பதினோரு அடி எண்டர்பிரைஸ் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகச் சென்றது. பல ஆண்டுகள் பரிசுப்பொருள் கடையில்கூட வைக்கப்பட்டிருந்தது. 2006-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் எண்டர்பிரைஸ்-டி-யின் பெரிய மாடல் 5,76,000 டாலருக்குப் போனபோது, ஏல நிறுவனத்தின் மதிப்பீடு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2023 அக்டோபரில் கிரெக் ஜீனின் சேகரிப்பிலிருந்து வந்த ஒரு ‘ஸ்டார் வார்ஸ்’ போர்விமான மாடல் 31 லட்சம் டாலரைத் தாண்டியது.

விலை ஏறியதும் பழுதுபார்க்கும் கேள்வி கூர்மையானது. 1990-களின் தொடக்கத்தில் ஸ்மித்சோனியன் மாடலுக்கு நடந்த சீரமைப்பில் தகட்டுக் கோடுகளை அழுத்தமாக வரைந்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் குறைபட்டார்கள். 2016-இல் முடிந்த அடுத்த சீரமைப்பு வேறு கொள்கையைப் பின்பற்றியது. தட்டுவடிவ முன்பகுதியின் மேற்புறத்தில் 1960-களின் வண்ணம் தப்பிப் பிழைத்திருந்தது; அதைத் தொடாமல் காத்து, மற்ற பகுதிகளின் நிறத்துக்கு அதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். முடிக்கப்படாத இடப்பக்கத்தை ‘முடித்து’ அழகுபடுத்தும் ஆசைக்கும் இடம் கொடுக்கவில்லை. அது படப்பிடிப்புக் கருவி, கப்பல் அல்ல என்ற தெளிவு அந்த முடிவில் இருக்கிறது.

மாடல் மறுபடி வருமா?

2019-இல் ‘தி மாண்டலோரியன்’ தொடருக்காக ரேஸர் கிரெஸ்ட் என்ற கலத்தின் மாடல் ஒன்றை ஜான் குட்சன் செய்தார். முதலில் அதன் நோக்கம் படப்பிடிப்பு அல்ல. உலோகப் பரப்பில் ஒளி எப்படி விழுகிறது என்று கணினிக் கலைஞர்கள் பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி வேண்டும், அவ்வளவே. கணினியில் வரைந்த வடிவங்களை முப்பரிமாணப் பிரிண்டரில் அச்சிட்டு, கையால் இழைத்து, வண்ணம் பூசியபின் அதையே படமெடுத்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. பழைய மோஷன் கண்ட்ரோல் கருவிகள் கைவசம் இல்லாததால், காட்சி விளைவு மேற்பார்வையாளர் ஜான் நோல் தாமே ஒரு கருவியைக் கட்டினார். சில காட்சிகள் அதில் எடுக்கப்பட்டன, எஞ்சியவை கணினி.

இந்த அளவில்தான் மாடல் திரும்பியிருக்கிறது. ‘ரெட் டுவார்ஃப்’ தொடர் 1998-இல் தன் பழைய அத்தியாயங்களின் மாடல் காட்சிகளைக் கணினிப் பிம்பங்களால் மாற்றி ரசிகர்களின் அதிருப்தியைச் சம்பாதித்து, 2012-இல் மாடல்களுக்கே திரும்பியது இன்னொரு உதாரணம். ஆனால் நூறு கப்பல்கள் மோதும் போரை இன்று யாரும் மாடலில் எடுக்கப் போவதில்லை. ஒற்றைக் கப்பல் மெதுவாகக் கேமராவைக் கடந்து போகும் காட்சி, அதன் மேல் ஒரே ஒரு விளக்கு, பார்ப்பவர் மேற்பரப்பை உற்றுப் பார்க்கப் போதிய நேரம்: இந்த வகைக்கு மட்டும் பட்டறைக்குப் போவது இன்னமும் கட்டுப்படியாகிறது. முப்பரிமாணப் பிரிண்டரும் மலிவான மோட்டார்களும் டிஜிட்டல் ஸ்டில் கேமராவும் அந்தச் செலவைக் கீழே இழுத்திருக்கின்றன. கிட் பாகங்களைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. தேவையான பாகத்தை வரைந்து அச்சிட்டுக்கொள்ளலாம். குவிய ஆழம் மட்டும் 1964-இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆகவே துவாரம் இன்றும் சிறியதுதான், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இன்றும் காத்திருக்கத்தான் வேண்டும்.